கூலி வேறு, கைம்மாறு வேறு

அண்மையில் நம் பங்கு மன்றத்தில் நூல் வெளியீட்டு விழா ஒன்று நடைபெற்றது. எழுதியவர் நம் பங்கைச் சேர்ந்த இளம் ஆசிரியை. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயிலும் வயதினருக்கென்று அவர் எழுதிய முதல் நாவல் அது. மேடையில் எட்டுப் பேர் பேசினர். அவர்களுள் ஐவர் நூலைத் திறந்தே பார்த்ததில்லை என்பதை அவர்கள் பேச்சே காட்டிக் கொடுத்தது. ஆசிரியையின் பாட்டனார் கோயில் கட்ட உழைத்ததை ஒருவர் நினைவு கூர்ந்தார். தமிழின் தொன்மையைப் பற்றி மற்றொருவர் முக்கால் மணி நேரம் முழங்கினார். பொன்னாடைகள் மட்டும் பதினொன்று. எல்லாம் முடிந்து தேநீர் பருகிக்கொண்டிருந்தபோது மூன்று குரல்கள் நம் செவியில் விழுந்தன. "எவ்வளவும்மா கிடைத்தது?" என்றது ஒன்று. "பரிசுக்கு அனுப்பிவிட்டாயா?" என்றது மற்றொன்று. "எழுத்து ஓர் ஊழியம் அல்லவா? அதில் போய்க் கணக்குப் பார்க்கலாமா?" என்று மூன்றாவது குரல் முதலிரண்டையும் கடிந்துகொண்டது.

ஆசிரியை மூன்றுக்கும் ஒரே புன்னகையை விடையாகத் தந்தார். உண்மை நிலையைப் பின்னர்தான் அறிந்தோம். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து, நாற்பதாயிரம் ரூபாயை அச்சுச் செலவுக்கென்று பதிப்பாளர் ஒருவரிடம் அவர் செலுத்தியிருந்தார். அதற்கு ஈடாக இருநூறு படிகள் அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் வந்து சேர்ந்திருந்தன. கையெழுத்திட்ட ஒப்பந்தம் என்று ஏதும் இல்லை.

இளையோருக்காக எழுதி, முதல் நூலை வெளியிட்ட ஒருவருக்கு என்னதான் கைம்மாறு? அந்த மூன்று குரல்களும் இக்கேள்விக்கு மூன்று விடைகளைத் தருகின்றன. பணம் என்கிறது ஒன்று; புகழ் என்கிறது இன்னொன்று; ஏதும் வேண்டாம் என்கிறது மூன்றாவது. மூன்றும் ஒரே தவற்றைச் செய்கின்றன என்பது நம் துணிபு. கூலியையும் கைம்மாற்றையும் அவை ஒன்றெனக் கொள்கின்றன. கூலி, உழைப்புக்கு நீதியின்படி உரியது. அதைக் கேட்டுப் பெறலாம். மறுப்பவர் அநீதி செய்கிறார். கைம்மாறு அப்படிப்பட்டதன்று. அதைக் கேட்டுப் பெற முடியாது. வழக்காடி வாங்க முடியாது. அது வரும்போது கொடையாகவே வரும். நீதியையும் கொடையையும் பிரித்தறியும் பாடத்தைக் குருமடத்தில் நாம் ஆண்டுக்கணக்கில் பயின்றோம். அந்தப் பாடம் புத்தகக் கடைக்கும் பொருந்தும் என்பதைக் கற்க நமக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

ஊழியம் என்னும் திரை

மூன்றாம் குரலிலிருந்து தொடங்குவோம். கேட்பதற்கு இனிமையானதும், விளைவில் கொடுமையானதும் அதுவே. எழுத்து ஊழியமாம், ஆகவே எழுதுகிறவர் காசைப் பற்றிப் பேசலாகாதாம். இப்படிச் சொல்பவர்களை ஒன்று கேட்கிறோம். காகிதம் விற்றவர் காசு வாங்கினாரா, இல்லையா? அச்சுக் கோத்தவரும் அட்டை கட்டியவரும் கூலி பெற்றனரா, இல்லையா? மன்றத்துக்கு ஒலிபெருக்கி கொண்டுவந்தவர் அன்று மாலையே கணக்கைத் தீர்த்துக்கொண்டு போனாரே! அத்தனை பேருக்கும் தொழிலாக இருப்பது, இரண்டு ஆண்டுகள் கண்விழித்து எழுதியவருக்கு மட்டும் எப்படி ஊழியமாக மாறிவிடுகிறது? பிறர் உழைப்பை ஊழியம் என்று போற்றுவது, பெரும்பாலும் அதற்கு விலை கொடுக்க மனமில்லாதவர்கள் மாட்டிக்கொள்ளும் திரையாகவே இருக்கிறது. வயல் அறுத்தவரின் கூலியைப் பிடித்து வைப்பது பாவம் என்று பீடத்திலிருந்து முழங்கும் நாம், எழுதியவரின் கூலியைப் பற்றி வாய் திறப்பதில்லை.

நாட்டின் சட்டம் இதில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு நூலின் உரிமை எழுதியவருக்கே உரியது. அவர் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். அவ்வுரிமையை மற்றொருவருக்கு மாற்றிக் கொடுப்பதானால் அது எழுத்தில் இருக்க வேண்டும். எழுதியவர் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அவருக்குரிய உரிமைத்தொகை எவ்வளவு என்பது அதில் குறிப்பிடப்பட வேண்டும். அச்சட்டத்தின் 19ஆம் பிரிவு இவற்றைச் சொல்லுகிறது. காலவரை குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். உரிமையைப் பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாமல் கிடப்பில் போட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலன்றி, அந்த உரிமை மாற்றம் காலாவதியாகிவிடும். இதை நம் ஆசிரியையிடம் எடுத்துக் கூறியபோது அவர் வியந்தார். ஒப்பந்தம் இல்லாததால் எல்லாம் போய்விட்டது என்று அவர் எண்ணியிருந்தார். எழுத்தில் கொடுக்காத உரிமை அவரை விட்டு எங்கும் போகவில்லை என்பதே உண்மை.

சொந்தச் செலவில் அச்சிடுவது இழிவு என்று நாம் சொல்லவில்லை. அமெரிக்காவின் மோன்டானா மாநிலத்து இளைஞர் கிறிஸ்டோபர் பவுலினி, தம் பதினைந்தாம் வயதில் எழுதத் தொடங்கிய 'எரகான்' என்னும் நாவலை 2002ஆம் ஆண்டில் குடும்பமாகவே வெளியிட்டார். பெற்றோருடன் ஊர் ஊராகப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் சென்று அதைப் பற்றிப் பேசினார். மறு ஆண்டு, 2003இல், பெரும் பதிப்பகம் ஒன்று அதை ஏற்று வெளியிட்டது. அக்குடும்பம் துணிந்து முதலிட்டது. நட்டமும் ஊதியமும் அதற்கே உரியவை. நாம் கண்டிப்பது வேறொன்றை. செலவை எழுதியவர் தலையில் கட்டிவிட்டு, விற்பனையைத் தாம் வைத்துக்கொண்டு, அதற்குப் பதிப்புப் பணி என்று பெயர் சூட்டும் வழக்கத்தைக் கண்டிக்கிறோம். கூலி கொடுத்து வேலை செய்கிறவரை நாம் வேறெங்கேனும் கண்டதுண்டா?

பரிசு என்னும் அளவுகோல்

கூலியை நிலைநாட்டியாயிற்று. இனி, "பரிசுக்கு அனுப்பிவிட்டாயா?" என்ற குரலுக்கு வருவோம். பரிசை நாம் பழிக்கவில்லை. இளையோருக்காக எழுதும் அறிமுக எழுத்தாளரின் முதல் நூலுக்கென்றே அமெரிக்க நூலகச் சங்கத்தின் இளையோர் பிரிவு வில்லியம் மோரிஸ் பெயரில் ஒரு விருதை 2009ஆம் ஆண்டு முதல் வழங்கி வருகிறது. ஆஞ்சி தாமஸ் 2017இல் வெளியிட்ட 'தி ஹேட் யு கிவ்' என்னும் முதல் நாவல் 2018இல் அதைப் பெற்றது. நம் நாட்டிலும் சாகித்திய அகாதெமி 2010 முதல் குழந்தை இலக்கியத்துக்கு பால சாகித்திய புரஸ்காரையும், 2011 முதல் 35 வயதுக்கு உட்பட்ட எழுத்தாளர்களுக்கு யுவ புரஸ்காரையும் வழங்குகிறது. ஒன்று குழந்தைகளை எண்ணி வழங்கப்படுகிறது. மற்றொன்று எழுதியவரின் வயதை எண்ணி வழங்கப்படுகிறது. குழந்தைமை கழிந்து, முதிர்ச்சி இன்னும் கைவராமல் நிற்கும் அந்தப் பதினாறு வயது வாசகரைத் தன் பெயரிலேயே சுட்டும் விருது இவ்விரண்டில் எதுவும் இல்லை. நம் புத்தகக் கடைகளிலும் சிறுவர் அடுக்கு உண்டு, பெரியோர் அடுக்கு உண்டு. நடுவில் சுவர்தான் இருக்கிறது.

ஆயினும் பரிசே கைம்மாறு என்போர் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். இளையோர் நாவல் என்னும் வகைக்கே அடித்தளமிட்டவர்களுள் ஒருவர், ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் 1948இல் பிறந்த எஸ். இ. ஹின்டன். திரைப்படம் பார்த்துவிட்டுத் திரும்பிய தம் நண்பரைச் சிலர் அடித்துப்போட்ட கோபத்தில், பதினைந்து வயதில் அவர் எழுதத் தொடங்கிய நாவல் 'தி அவுட்சைடர்ஸ்'. அதை எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டில், பள்ளியில் படைப்பெழுத்துப் பாடத்தில் அவருக்குக் கிடைத்தது தேர்ச்சியின் கடைசிப் படியான 'டி' மதிப்பெண். நூல் 1967இல் வெளிவந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. பெண் எழுதியது என்று தெரிந்தால் மதிப்புரையாளர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என அஞ்சி, பெயரைச் சுருக்கித் தலைப்பெழுத்துகளை மட்டும் பதிப்பகம் அச்சிட்டது.

புகழ் வந்தது. வந்த புகழ் என்ன செய்தது? அவர் கையைக் கட்டிப்போட்டது. எல்லாரும் தம்மை உற்று நோக்குகிறார்கள் என்ற அச்சத்தில் அடுத்த சில ஆண்டுகள் அவரால் எழுதவே இயலவில்லை. பின்னாளில் கணவரான நண்பர், நாள்தோறும் இரண்டு பக்கமாவது எழுத வேண்டும் என்று வற்புறுத்திய பிறகே இரண்டாம் நாவல் உருப்பெற்று 1971இல் வெளியாயிற்று. புகழ்தான் கைம்மாறு என்றால், கைம்மாற்றைப் பெற்றவர் ஏன் ஊமையானார்?

அந்த நூலை வாழவைத்தவர்கள் யார்? அதை வகுப்பறைக்குள் கொண்டுசென்ற ஆசிரியர்களும், கைமாற்றிக் கைமாற்றிப் படித்த மாணவர்களும். கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகருக்கு அருகிலிருந்த ஒரு பள்ளியின் நூலகரும் மாணவர்களும் 1980இல் இயக்குநர் பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவுக்கு ஒரு மடல் எழுதினர். இந்நாவலைத் தாங்கள் படமாக்க வேண்டும் என்பது வேண்டுகோள். நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் அதில் கையெழுத்திட்டிருந்தனர். 1983இல் படம் வெளிவந்தது. இளையோர் எழுத்தாளர்களின் வாழ்நாள் பங்களிப்புக்கென அமெரிக்க நூலகச் சங்கம் ஏற்படுத்திய மார்கரெட் எட்வர்ட்ஸ் விருதின் முதல் பெறுநராக அவர் அறிவிக்கப்பட்டது 1988இல்; நூல் வெளிவந்து 21 ஆண்டுகள் கழித்து! அதே கதையின் இசை நாடக வடிவம் 2024இல் டோனி விருது பெற்றது. மாணவர்கள் முன்னே நடந்தார்கள். விருதுகள் மூச்சிரைக்கப் பின்னே வந்தன. நாம் மட்டும் வரிசையைத் தலைகீழாக மாற்றி, விருது வந்தபின் படிக்கலாம் என்று காத்திருக்கிறோம்.

அறிவுரை என்னும் ஆசை

நான்காவதாக ஒரு குரலும் உண்டு. அது மேடையில் ஒலித்தது. பெரும்பாலும் நம்மைப் போன்ற குருக்களின் தொண்டையிலிருந்தே அது புறப்படுகிறது. "இளையோரை நல்வழிப்படுத்துவதே இளையோர் எழுத்தாளரின் கைம்மாறு" என்பது அதன் வாசகம். கேட்கச் சீரியதாகத் தோன்றினாலும், இதன் உட்பொருள் யாது? கதை முடிவில் கெட்டவன் திருந்த வேண்டும். ஆசிரியரும் பெற்றோரும் சாமியாரும் நல்லவர்களாகவே இருக்க வேண்டும். படித்து முடித்த பிள்ளை எழுந்து நின்று நன்றி சொல்ல வேண்டும். இது பிள்ளைகளின் பெயரால் பெரியவர்கள் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளும் ஆறுதல்.

மாசசூசெட்ஸ் மாநிலத்துச் செய்தியாளர் ராபர்ட் கோர்மியர் இளையோருக்கென வெளிவந்த தம் முதல் நாவலான 'தி சாக்லேட் வார்' நூலைப் பதிப்பகங்களுக்கு அனுப்பியபோது, முடிவை மாற்றினால் வெளியிடலாம் என்ற யோசனை அவருக்கு வந்தது. அவர் மறுத்தார். 1974இல் மாற்றமின்றியே நூல் வெளிவந்தது. அக்கதை நிகழும் இடம் ஒரு கத்தோலிக்கப் பள்ளி. அங்குள்ள துறவற சகோதரர் ஒருவர் தம் அதிகாரத்தைக் கொண்டு பிள்ளைகளை நசுக்குகிறார். எதிர்த்து நின்ற மாணவன் வெல்லவில்லை. நம் சபையைச் சார்ந்த ஒருவரே எழுதிய இந்நூல் நமக்கு உவப்பாயிருக்க இயலாது. உவப்பாயிராததாலேயே நாம் அதைப் படிக்க வேண்டும். நம் பள்ளிகளில் எந்த மாணவனும் அப்படித் தனித்து நின்றதில்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல நம்மால் முடியுமா? அடிபட்டு வந்த பிள்ளையிடம், "எல்லாம் நன்மைக்கே முடியும்" என்று கதை சொன்னால் அவன் கதையை மூடிவிடுவான்; அத்துடன் நம்மையும் நம்பாமல் போவான்.

அதே கோர்மியர் 1977இல் வெளியிட்ட 'ஐ ஆம் தி சீஸ்' நாவலில், ஒரு சிறுமியின் தொலைபேசி எண்ணாகத் தம் வீட்டு எண்ணையே அச்சிட்டுவிட்டார். ஆண்டுக்கணக்கில் இளையோர் அந்த எண்ணை அழைத்தனர். அவரும் எடுத்துப் பேசினார். ஏன் அழைத்தார்கள்? அவர் அறிவுரை கூறுவார் என்றா? தங்கள் மனத்தில் இருப்பதை மறைக்காமல் சொன்ன ஒரு பெரியவர் மறுமுனையில் இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் அழைத்தார்கள். அந்த மணியோசையே நாம் தேடும் கைம்மாறு.

பதினாறு வயதின் தீர்ப்பு

பெரியவர்கள் ஒரு நூலைப் பல காரணங்களுக்காகப் புகழ்கிறோம். எழுதியவர் உறவினர், நம் சாதி, நம் ஊர், நம் பங்கு, நாளை நம் நூலுக்கும் அவர் வர வேண்டும். பதினாறு வயதுக்கு இந்தக் கணக்குகள் தெரியா. மூன்றாம் பக்கத்தில் சலிப்புத் தட்டினால், அந்தப் பிள்ளை குற்றவுணர்வு ஏதுமின்றி நூலைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போகும். ஆகவேதான், அந்த வயது கடைசிப் பக்கம் வரை வந்தது என்றால் அதற்குப் பொருள் உண்டு. அதில் முகமன் இல்லை, கைமாற்று இல்லை. தனக்கு மட்டுமே நேர்ந்தது என்று அந்தப் பிள்ளை நினைத்துக் கூசிய ஒன்று, முன்பின் அறியாத ஒருவருக்கும் நேர்ந்திருக்கிறது என்று அறிகிறது. எழுதியவரும் அதையே மறுகரையிலிருந்து அறிகிறார். இருவரும் சந்தித்ததில்லை, சந்திக்காமலே ஒருவர் தனிமையை மற்றவர் தளர்த்திவிடுகின்றனர். இதைப் பணத்தால் வாங்க முடியாது. நடுவர் குழு கூடி வழங்கவும் முடியாது.

இக்கைம்மாறு சுமையற்றது என்று எவரும் எண்ண வேண்டா. நம்பி எழுதப்படும் மடலுக்குப் பொய்யின்றி விடை எழுத வேண்டும். அடுத்த நூலில் ஏமாற்றாமல் இருக்க வேண்டும். கொடையாக வந்ததைக் காப்பது, கூலியாக வந்ததைச் செலவழிப்பதைவிடக் கடினம்.

நம் பங்கு

இத்தனையும் பிறரைச் சாடியே எழுதிவிட்டோம். அந்த விழாவில் நாம் செய்ததையும் சொல்லியாக வேண்டும். நாற்காலி போடவும் தேநீர் கொடுக்கவும் நம் பள்ளி மாணவர்கள் இருவரை அழைத்திருந்தோம். யாருக்காக நூல் எழுதப்பட்டதோ, அந்த வயதினர் மன்றத்தில் அவ்விருவர் மட்டுமே. சொற்பொழிவுகள் நடந்துகொண்டிருக்கையில், அவர்களுள் ஒருவன் விற்பனை மேசையிலிருந்து ஒரு படியை எடுத்துக்கொண்டு மாடிப்படியின் கீழ் அமர்ந்துவிட்டான். நாம் கண்டபோது முப்பது பக்கங்களைத் தாண்டியிருந்தான். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. "தம்பி, அது விற்பனைக்கு வைத்தது. அழுக்காகாமல் எடுத்த இடத்தில் வை" என்று ஒரு குரல் அதட்டியது. அந்தக் குரல் நம்முடையது. பையன் பக்கத்தின் எண்ணை ஒருமுறை பார்த்துக்கொண்டு, நூலை மேசையில் வைத்துவிட்டுத் தட்டை ஏந்திப் போனான். அன்று அந்த ஆசிரியைக்கு வந்த ஒரே கைம்மாற்றை வழிமறித்தவர்கள் நாமே.

ஆகவே, அன்பு வாசகர்களே, நமக்கும் உங்களுக்குமாகச் சிலவற்றைச் சொல்லி நிறுத்துகிறோம். அடுத்த முறை நம் மன்றத்தில் இளையோர் நூல் ஒன்று வெளியிடப்பட்டால், முன்வரிசை நாற்காலிகள் பதினாறு வயதினருக்கு. அவர்களுள் மூவர் நூலை முன்னதாகப் படித்து வந்து மேடையில் பேசட்டும், குறையிருந்தால் குறையும் சொல்லட்டும். பொன்னாடைக்கு ஆகும் பணத்துக்குப் படிகள் வாங்கப்படட்டும். இலவசப் படி கேட்பது இழிவென்று கருதப்படட்டும். நம் பள்ளிகளின் நூல்கள் பூட்டிய பீரோவை விட்டு வெளியே வரட்டும். கிழிந்தால் கிழியட்டும், கிழிந்த நூல் படிக்கப்பட்ட நூல். எழுதத் தொடங்கும் நம் இளைஞர்கள், ஒப்பந்தத்தைப் படித்துக் கையெழுத்திடாமல் எவரிடமும் கைப்பிரதியைக் கொடுக்காதிருக்கட்டும். கூலியைக் கேட்க வெட்கப்பட வேண்டா. கைம்மாற்றைக் கேட்க வேண்டா. அதற்கு வழிவிட்டால் போதும்.

விழா முடிந்த மறுவாரம் நாம் ஒரு படியை விலை கொடுத்து வாங்கி, அந்த மாணவனை அழைத்துக் கொடுத்தோம். இரண்டு நாள் கழித்து, கோடு போட்ட குறிப்பேட்டுத் தாளில் அவன் ஆசிரியைக்கு எழுதிய மடலை அவர் நமக்குக் காட்டினார். பாராட்டு என்று ஒரு வரியும் இல்லை. கதையில் வரும் தம்பி அந்த முடிவை எடுத்திருக்கவே மாட்டான், தனக்கு அவனைத் தெரியும் என்று ஒன்றரைப் பக்கம் சண்டை போட்டிருந்தான். பதினொரு பொன்னாடைகளையும் அவர் யார் யாருக்கோ கொடுத்துவிட்டார். அந்தத் தாளை மட்டும் நாம் கேட்டும் தரவில்லை.